பொய் இரகசியங்கள் (நாடகம்)

பொய் இரகசியங்கள் (பிரெஞ்சு மொழியில்: லே ஃபோஸ் கோன்ஃபிடான்ஸ்) என்பது பிரெஞ்சு எழுத்தாளர் மரிவோ இயற்றிய, மூன்று அங்கங்களைக் கொண்ட உரைநடை நகைச்சுவை நாடகமாகும். இது 1737 மார்ச் 16 அன்று பாரிசு நகரின் ஓட்டேல் டி பூர்கோஞ் அரங்கில் இத்தாலிய நாடகக் குழுவினரால் முதன்முதலாக மேடையேற்றப்பட்டது. 1738-இல் நூலாக வெளிவந்தது.

வசதியற்ற இளைஞன் ஒருவன் செல்வம் மிக்க கைம்பெண் ஒருத்தியின் வீட்டில் காரியஸ்தனாகச் சேர்ந்து, தன் முன்னாள் வேலைக்காரன் வகுத்த சூழ்ச்சியின் துணையுடன் அவளது காதலைப் பெறுவதே இந்நாடகத்தின் கதையாகும். ஏமாற்றின் வழியே வந்த காதல் உண்மையானதாக இருக்க முடியுமா, ஏழை ஒருவன் செல்வந்தரைக் காதலிக்கும்போது பணத்தின் பங்கு என்ன ஆகிய கேள்விகளை இது எழுப்புகிறது. மரிவோவின் படைப்புகளில் 'காதலும் தற்செயலும் ஆடும் ஆட்டம்' (1730) என்ற நாடகத்துடன் சேர்த்து மிகுதியாகப் படிக்கப்படுவதும் நடிக்கப்படுவதும் இதுவேயாகும்.

பெயர்

பிரெஞ்சு மொழியில் 'கோன்ஃபிடான்ஸ்' என்பது, ஒருவர் தாம் நம்பும் மற்றொருவரிடம் தனிமையில் வெளிப்படுத்தும் அந்தரங்கச் செய்தியைக் குறிக்கும். முதல் மேடையேற்றத்தின்போது நாடகத்தின் பெயர் ஒருமையில் 'பொய் இரகசியம்' என்று இருந்தது. நூல் வடிவம் பெற்றபோது பன்மைப் பெயர் நிலைத்தது. நாடகத்தில் ஒருவர் மட்டுமல்லாது ஏறத்தாழ எல்லா முதன்மைக் கதைமாந்தரும் ஏதேனும் ஒரு பொய்யைக் கையாள்வதால் பன்மைப் பெயரே பொருத்தமானதாகும்.

ஆசிரியரும் காலமும்

மரிவோ (1688–1763) பாரிசில் பிறந்தவர். நாடகங்கள், புதினங்கள், இதழ்க் கட்டுரைகள் ஆகியவற்றை எழுதினார். 1717-இல் வசதியான குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அக்காலத்தில் இசுக்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் லா என்பவர் பிரான்சில் காகிதப் பணத்தையும் மிசிசிப்பி வணிக நிறுவனத்தின் பங்குகளையும் இணைத்து ஒரு நிதி முறையை நடத்தி வந்தார். 1720-இல் அம்முறை சரிந்தபோது பல குடும்பங்களுடன் மரிவோவின் குடும்பமும் தன் செல்வத்தை இழந்தது. அதன் பின்னர் எழுத்தே அவருக்குப் பிழைப்பாயிற்று. நல்ல குடியில் பிறந்தும் கையில் பொருளில்லாத இளைஞன் அவருடைய நாடகங்களிலும் புதினங்களிலும் அடிக்கடி இடம்பெறுவதை இந்நிகழ்ச்சியுடன் தொடர்புபடுத்துவது வழக்கம்.

மரிவோ தம்முடைய 'பிரெஞ்சுப் பார்வையாளர்' இதழில் (1721–1724) ஒரு நிகழ்ச்சியை விவரிக்கிறார். இளைஞன் ஒருவன், இயல்பான அழகுக்காகவே தான் நேசித்த பெண்ணிடம் விடைபெற்றுச் செல்கிறான். மறந்துவிட்ட கையுறையை எடுக்கத் திரும்பி வரும்போது, அவள் கண்ணாடி முன் நின்று அதே முகபாவங்களை ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டிருப்பதைக் காண்கிறான். காதலில் எது இயல்பு, எது நடிப்பு என்ற ஐயம் மரிவோவின் படைப்புகள் முழுவதிலும் தொடர்கிறது.

அவர் தம் சிறந்த நாடகங்கள் பலவற்றை அரசின் பிரெஞ்சு நாடகக் குழுவான கொமெடி பிரான்சேசுக்காக அல்லாமல் இத்தாலிய நாடகக் குழுவுக்காகவே எழுதினார். 1697-இல் பிரான்சிலிருந்து வெளியேற்றப்பட்ட இத்தாலிய நடிகர்களின் இடத்தில், 1716-இல் அரசப் பிரதிநிதியான ஓர்லியான் கோமகன் பிலிப்பின் அழைப்பின் பேரில் லூயிஜி ரிக்கோபோனி தலைமையிலான புதிய குழு பாரிசுக்கு வந்தது. முகமூடி அணிந்த ஆர்லெக்கன் போன்ற மரபு வழிப் பாத்திரங்களும், உடலசைவு மிகுந்த விரைவான நடிப்பும் அக்குழுவின் சிறப்புகள். பொய் இரகசியங்கள் அக்குழுவுக்காக மரிவோ எழுதிய கடைசிப் பெரிய மூன்றங்க நாடகமாகும்.

கதை மாந்தர்

அராமின்ட் – இளம் கைம்பெண். நிதித்துறையில் உயர் பதவி வகித்தவரின் மனைவியாக இருந்தவள்.
டோரான்ட் – வழக்குரைஞர் ஒருவரின் மகன். நற்குடிப் பிறப்பும் நல்ல தோற்றமும் உடையவன், பொருள் இல்லாதவன்.
டுபுவா – டோரான்டிடம் முன்பு வேலை பார்த்தவன். இப்போது அராமின்டின் வீட்டு வேலைக்காரன்.
திரு. ரெமி – டோரான்டின் தாய்மாமன். நீதிமன்ற அலுவல்களை நடத்திக் கொடுப்பவர்.
மார்ட்டோன் – அராமின்டின் பணிப்பெண்ணும் தோழியும்.
திருமதி அர்கான்ட் – அராமின்டின் தாய். மகள் பிரபுக் குடும்பத்தில் புக வேண்டும் என்று விரும்புபவள்.
டோரிமோன் பிரபு – அராமின்டுடன் நிலத் தகராறு உடையவர். அவளை மணக்க விரும்புபவர்.
ஆர்லெக்கன் – அராமின்டின் வேலைக்காரன், வெகுளி.

கதைச் சுருக்கம்

முதல் அங்கம்

டோரான்ட் அராமின்டைப் பார்த்ததிலிருந்து அவள்மீது காதல் கொண்டிருக்கிறான். ஆனால் அவளை அணுகும் தகுதி தனக்கு இல்லை என்று கருதுகிறான். டுபுவாவோ தன் பழைய எசமானனின் அழகையும், அராமின்டின் இயல்பையும் தான் நன்கு அறிந்திருப்பதாகவும், இத்திருமணத்தைத் தானே நடத்தி வைப்பதாகவும் உறுதி கூறுகிறான். அவனுடைய திட்டப்படி, ரெமியின் பரிந்துரையுடன் டோரான்ட் காரியஸ்தன் வேலைக்கு வருகிறான். அவனுடைய வணக்கமும் தோற்றமும் அராமின்டுக்குப் பிடித்துப்போகின்றன. உடனே அவனை வேலைக்கு அமர்த்துகிறாள்.

சூழ்ச்சியை அறியாத ரெமி, டோரான்டுக்கு மார்ட்டோனை மணமுடிக்க எண்ணுகிறார். அவளுக்கு ஈளை நோயுள்ள வயதான உறவினர் ஒருவரின் சொத்து வர இருக்கிறது. டோரான்ட் அவளைப் பார்த்ததுமே வியந்தான் என்று ரெமி அவளிடம் கூறிவிட, அவளும் நம்பிவிடுகிறாள். டோரான்ட் அதை வெளிப்படையாக மறுப்பதில்லை.

இதற்கிடையில் திருமதி அர்கான்ட், நில வழக்கில் வெல்ல வாய்ப்பில்லை என்று அராமின்டிடம் பொய் சொல்லுமாறு டோரான்டைக் கேட்கிறாள். வழக்கிற்கு அஞ்சி மகள் பிரபுவை மணப்பாள் என்பது அவள் கணக்கு. டோரான்ட் மறுத்துவிடுகிறான். இம்மறுப்பு அராமின்டின் நம்பிக்கையை அவனுக்குப் பெற்றுத் தருகிறது.

பின்னர் டுபுவா முதல் 'பொய் இரகசியத்தை' அரங்கேற்றுகிறான். டோரான்டை அவ்வீட்டில் கண்டு அதிர்ந்தவன் போல நடித்து, அராமின்ட் வற்புறுத்திக் கேட்ட பின்பு, தன் பழைய எசமானன் நல்லவனே என்றாலும் காதலால் அறிவிழந்தவன் என்கிறான். ஓப்பெரா அரங்கின் படிகளில் அராமின்ட் இறங்கி வரக் கண்ட நாளிலிருந்து, ஆறு மாதங்களாக அவன் இந்நிலையில் இருப்பதாகக் கூறி, அவனை வேலையிலிருந்து நீக்கிவிடுமாறும் அறிவுரை சொல்கிறான். அராமின்ட் நீக்கவில்லை. நீக்கினால் அவன் நோய் தீராது, பரிந்துரைத்த ரெமிக்கு என்ன விடை சொல்வது என்றெல்லாம் காரணம் தேடுகிறாள்.

இரண்டாம் அங்கம்

ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் லீவர் வருமானமுள்ள ஒரு பெண் டோரான்டை மணக்க விரும்புவதாக ரெமி செய்தி கொண்டு வருகிறார். டோரான்ட் அராமின்டின் முன்னிலையிலேயே அதை மறுக்கிறான். தன்னை எண்ணியே மறுத்தான் என்று மார்ட்டோன் நம்புகிறாள். பின்னர் நகைக்கடைப் பையன் ஒருவன் கொண்டு வரும் பெட்டியில் ஓர் உருவப்படம் இருக்கிறது. அது தன்னுடைய படம் என்று மார்ட்டோன் எண்ணியிருக்க, திறந்து பார்க்கும்போது அது அராமின்டின் படமாக இருக்கிறது.

டோரான்டின் வாயிலிருந்தே உண்மையை வரவழைக்க எண்ணி, பிரபுவை மணக்கத் தான் இசைவதாக ஒரு கடிதத்தை அராமின்ட் அவனிடம் சொல்லி எழுதச் செய்கிறாள். அவன் கலங்குகிறான், ஆனாலும் எழுதுகிறான். படத்தைக் காட்டியபோது மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். அந்நேரத்தில் மார்ட்டோன் அங்கே வந்துவிடுகிறாள். எனினும் டோரான்ட் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்றே அராமின்ட் டுபுவாவிடம் கூறுகிறாள். இவ்வாறு அவளும் பொய் சொல்பவர்களின் வரிசையில் சேர்கிறாள்.

மூன்றாம் அங்கம்

டுபுவாவின் இறுதிச் சூழ்ச்சி ஒரு கடிதமாகும். தன் காதலை விவரித்து, நாட்டை விட்டுப் போகப்போவதாக நண்பனுக்கு டோரான்ட் எழுதிய கடிதம், டுபுவா எதிர்பார்த்தபடியே மார்ட்டோனின் கைக்குச் சிக்குகிறது. அது எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்கப்படுகிறது. இரகசியம் ஊரறிந்த செய்தியாகிவிடுகிறது. எசமானனைக் காட்டிக்கொடுத்தவன் என்று டுபுவாவை அராமின்ட் கடிந்து விரட்டுகிறாள். தான் ஏமாந்ததை உணர்ந்த மார்ட்டோன் அழுது மன்னிப்புக் கேட்டு அவளுடன் இணங்குகிறாள்.

விடைபெற வந்த டோரான்ட் படத்தைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறான். அதைக் கொடுப்பது தன் காதலை ஒப்புவதாகும் என்று சொல்லத் தொடங்கும் அராமின்ட், அதே பேச்சில் காதலை ஒப்புக்கொண்டுவிடுகிறாள். அந்த நொடியில் டோரான்ட் முழு உண்மையையும் கூறுகிறான். தன் காதலும், தானே வரைந்த அந்தப் படமும் தவிர, அவ்வீட்டில் நடந்த மற்றவை யாவும் டுபுவாவின் ஏற்பாடு என்கிறான். இதைப் பிறர் சொல்லி அறிந்திருந்தால் வெறுத்திருப்பேன் என்றும், அவனே சொன்னதால் மன்னிப்பதாகவும் அராமின்ட் கூறுகிறாள். பிரபு பெருந்தன்மையுடன் விலகிக்கொண்டு, வழக்கையும் கைவிடுகிறார். திருமதி அர்கான்ட் மட்டும் இறுதிவரை இணங்கவில்லை.

பொய்யும் மெய்யும்

டுபுவா சொல்லும் செய்திகளில் பெரும்பாலானவை உண்மையே என்பது இந்நாடகத்தின் தனித்தன்மையாகும். டோரான்ட் அராமின்டைக் காதலிக்கிறான். படம் அவன் வரைந்ததுதான். பொய்யாக இருப்பது செய்தி அன்று, அது சொல்லப்படும் முறையே. சொல்ல விரும்பாதவன் போல நடிப்பது, பழைய எசமானனைக் காட்டிக்கொடுப்பவன் போலத் தோன்றுவது, நீக்கிவிடுமாறு சொல்லி நீக்கமுடியாதபடி செய்வது ஆகியவையே டுபுவாவின் உத்திகள். காதலன் தானே வந்து காதலைச் சொல்லியிருந்தால், பொருளுக்காக வந்தவன் என்ற ஐயத்துடன் அராமின்ட் அவனை அனுப்பியிருப்பாள். மூன்றாமவன் ஒருவன் அதைக் குற்றம் போலச் சொன்னதால் அவள் இரக்கப்பட்டாள்.

'காதலும் தற்செயலும் ஆடும் ஆட்டம்' நாடகத்தில் எசமானர்களும் வேலையாட்களும் உடைமாற்றி வேடமிடுகின்றனர். இந்நாடகத்தில் எவரும் வேடமிடுவதில்லை. டோரான்ட் தன் பெயரையோ குலத்தையோ வறுமையையோ மறைக்கவில்லை. இங்கே வேடமாக அமைவது பேச்சு மட்டுமே. வழக்கைப் பற்றிப் பொய் சொல்ல மறுத்து நேர்மையாளனாகப் பெயர் பெறும் அதே டோரான்ட், அதைவிடப் பெரிய சூழ்ச்சிக்கு உடன்பட்டிருக்கிறான் என்பது கவனிக்கத்தக்கது.

பார்வையாளர்கள் சூழ்ச்சியை முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியிலேயே அறிந்துவிடுகின்றனர். அராமின்ட் அதை நாடகம் முடியும் தறுவாயிலேயே அறிகிறாள். ஆகவே, என்ன நடக்கும் என்பதைவிட அவள் மனம் எப்படி அடியடியாக மாறுகிறது என்பதே பார்வையாளர்களின் கவனத்தை ஈர்க்கிறது.

நாடகத்தில் பணம்

மரிவோ தம் மாந்தரின் பொருள்நிலையை எண்களாலேயே குறிப்பிடுகிறார். அராமின்டுக்கு ஆண்டுக்கு ஐம்பதாயிரம் லீவருக்கும் மேற்பட்ட வருமானம் உண்டு என்று டோரான்ட் மலைக்கும்போது, உமக்கு அறுபதாவது இருக்குமே என்று டுபுவா கேலி செய்கிறான். அறுபதாயிரம் அன்று, வெறும் அறுபது. அக்காலத்தில் வழக்கிலிருந்த நூற்றுக்கு ஐந்து என்ற வட்டி வீதத்தில் கணக்கிட்டால், ஐம்பதாயிரம் லீவர் வருமானத்திற்குப் பத்து இலட்சம் லீவர் முதல் வேண்டும். அன்றைய பாரிசில் கூலித் தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு ஈட்டியது ஒரு லீவர் அல்லது அதற்கும் குறைவு.

மற்ற மாந்தருக்கும் விலை குறிக்கப்பட்டுள்ளது. பிரபுவின் திருமணம் நிறைவேறினால் மார்ட்டோனுக்கு ஆயிரம் எக்கூ (கணக்குப் பணமாக மூவாயிரம் லீவர்) கிடைக்கும். பிரபுவின் திருமண விருப்பத்தின் பின்னே நில வழக்கு இருக்கிறது. திருமதி அர்கான்ட் தேடுவது பட்டத்தை. எவருடைய விருப்பமும் பொருளிலிருந்து முற்றிலும் விலகி நிற்கவில்லை. தனக்குச் செல்வம் வாய்த்தால் அது டுபுவாவுக்கும் உரியது என்று டோரான்ட் கூறுகிறான். டுபுவாவோ, தன்னிடம் பணமிருந்தால் அதையும் எசமானனுக்கே கொடுப்பேன் என்கிறான். அவனை இயக்குவது அன்பா, ஆதாய எண்ணமா, தன் திறமையின்மீது கொண்ட பெருமிதமா என்பதை ஆசிரியர் தெளிவுபடுத்தவில்லை.

இதனால் டோரான்டைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. அவன் உண்மைக் காதலன் என்போர், பதினைந்தாயிரம் லீவர் சம்பந்தத்தை மறுத்ததையும், எல்லாம் கைகூடிய பின்பு இழப்பதற்கு அஞ்சாமல் உண்மையைச் சொன்னதையும் காட்டுவர். அவன் பொருள் வேட்டையாடுபவன் என்போர், ஐம்பதாயிரத்தை எதிர்நோக்குபவனுக்குப் பதினைந்தாயிரத்தை மறுப்பது கடினமன்று என்பர். அராமின்ட் தன் காதலை ஒப்புக்கொள்ளும்வரை அவன் சூழ்ச்சியை வெளியிடவில்லை என்பதையும் சுட்டுவர். நாடகப் பனுவல் இரண்டுக்கும் இடம் தருகிறது. எதை வலியுறுத்துவது என்பதை ஒவ்வொரு தயாரிப்பிலும் இயக்குநரும் நடிகரும் முடிவு செய்ய வேண்டியுள்ளது.

கைம்பெண்ணின் உரிமை

அராமின்ட் கைம்பெண்ணாகப் படைக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. புரட்சிக்கு முந்தைய பிரான்சில் மணமாகாத பெண் தந்தையின் அதிகாரத்துக்கும், மணமான பெண் கணவனின் அதிகாரத்துக்கும் உட்பட்டிருந்தாள். கைம்பெண் மட்டுமே தன் சொத்தைத் தானே ஆளவும், ஒப்பந்தம் செய்யவும், வழக்காடவும், விரும்பியவரை மணக்கவும் சட்டப்படி உரிமை பெற்றிருந்தாள். மறுமணம் செய்துகொண்டால் அவள் மீண்டும் கணவனின் அதிகாரத்தின்கீழ் வருவாள். எனவே யாரை நம்புவது என்பது அராமின்டுக்கு மனத்தின் கேள்வி மட்டுமன்று. தன்னுரிமை முழுவதையும் ஒருவன் கையில் ஒப்படைப்பது பற்றிய கேள்வியுமாகும். தாயின் வற்புறுத்தலையும் உறவினரின் ஏளனத்தையும் மீறித் தன் காரியஸ்தனைத் தேர்ந்தெடுக்கும்போது அவள் பயன்படுத்துவது அந்த உரிமையைத்தான். அவ்வாறு தேர்ந்தெடுக்குமாறு அவள் மற்றொருவனால் இயக்கப்பட்டிருக்கிறாள் என்பதே நாடகத்தின் முரணாகும்.

சூழ்ச்சியால் உண்மையில் இழப்படைபவள் மார்ட்டோன். காதலிக்கப்படுவதாக நம்ப வைக்கப்பட்டு, அந்நம்பிக்கையாலேயே சூழ்ச்சிக்குக் கருவியாகிறாள். இறுதியில் அவளுக்குக் கணவனும் இல்லை, ஆயிரம் எக்கூவும் இல்லை. நகைச்சுவை நாடகங்களில் எசமானர்களின் திருமணத்துடன் வேலையாட்களின் திருமணமும் நடைபெறுவது மரபு. மரிவோ இங்கே அம்மரபைப் பின்பற்றவில்லை. நாடகத்தின் முடிவு முற்றிலும் மகிழ்ச்சியானதாக இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மொழிநடை

மரிவோவின் உரையாடல் முறையைக் குறிக்க 'மரிவோதாழ்' என்ற சொல் பிரெஞ்சு மொழியில் உருவானது. தொடக்கத்தில் இது மிகை நுணுக்கமான பேச்சு என்ற இகழ்ச்சிப் பொருளில் வழங்கியது. மொழியறிஞர் பிரெடெரிக் டெலோஃப்ர் 1955-இல் வெளியிட்ட ஆய்வு இந்நடையை விரிவாக ஆராய்ந்து அதன் மதிப்பை உயர்த்தியது. ஒருவர் சொன்ன சொல்லையே மற்றவர் பற்றிக்கொண்டு விடை சொல்வது, பேசுபவர் தம் பேச்சின் வழியாகவே தம் மனத்தை அறிந்துகொள்வது ஆகியவை இந்நடையின் கூறுகள். படத்தைக் கொடுக்க மறுக்கும் பேச்சிலேயே அராமின்ட் தன் காதலை வெளியிட்டுவிடும் காட்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

மேடையேற்றங்கள்

1737-இல் முதல் மேடையேற்றம் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. 1738-இல் மீண்டும் நடிக்கப்பட்டபோது வெற்றி பெற்றது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793-இல் கொமெடி பிரான்சேசு இந்நாடகத்தை ஏற்றுக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடிகை மார்ஸ் அராமின்ட் வேடத்தில் புகழ் பெற்றார்.

1946-இல் ழான்-லூயி பரோவும் மதலேன் ரெனோவும் தாங்கள் தொடங்கிய நாடகக் குழுவின் முதல் பருவத்தில் பாரிசின் மரினியி அரங்கில் இதை மேடையேற்றினர். ரெனோ அராமின்டாகவும் பரோ டுபுவாவாகவும் நடித்தனர். 1952-இல் இக்குழு நியூயார்க் சென்றபோதும் இந்நாடகத்தை நடித்தது. டிம்பர்லேக் வெர்டன்பேக்கர் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துள்ளார்.

2014-இல் சுவிட்சர்லாந்து இயக்குநர் லூக் போண்டி பாரிசின் ஓடியோன் அரங்கில் இதனை இயக்கினார். இசபெல் ஊப்பேர் அராமின்டாகவும், லூயி கரேல் டோரான்டாகவும், ஈவ் ழாக் டுபுவாவாகவும், புயூல் ஓழியே தாயாகவும் நடித்தனர். போண்டி அதே நடிகர்களைக் கொண்டு ஓடியோன் அரங்கக் கட்டடத்திலேயே இதைத் திரைப்படமாகவும் எடுக்கத் தொடங்கினார். 2015 நவம்பரில் அவர் காலமானதை அடுத்து, அவருடைய மனைவி மரி-லூயிஸ் பிசோஃப்பெர்கர் பணியை நிறைவு செய்தார். படம் 2016-இல் வெளிவந்தது.

பிரான்சில் 2020–21 கல்வியாண்டில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் பிரெஞ்சு இலக்கியத் தேர்வுக்குரிய நாடகங்களுள் ஒன்றாக இந்நாடகம் சேர்க்கப்பட்டது. 'நாடகமும் சூழ்ச்சியும்' என்பது இதனுடன் இணைத்துப் படிக்குமாறு வகுக்கப்பட்ட தலைப்பாகும்.